முதலில் ஓம், அப்புறம் வாட்: கிடார் ஹெட்டுக்குக் கேபினட் தேடும்போது

செகண்ட் ஹேண்டில் ஹெட் ஒன்று, அதாவது ஸ்பீக்கர் இல்லாத தனி கிடார் ஆம்ப், நல்ல விலைக்குப் படிந்துவிடும். அதற்கான ஸ்பீக்கர் பெட்டி, அதாவது கேபினட், சுருக்கமாக கேப், வேறொருவரிடம், வேறொரு ஊரில் இருக்கும். அதை வாங்கும் முன் கேட்கிற கேள்வி அநேகமாக ஒரே மாதிரிதான்: "ஹெட் 100 வாட், கேப் 60 வாட்தான். தாங்குமா?"

கேள்வியில் தப்பில்லை, ஆனால் அது இரண்டாவதாகக் கேட்க வேண்டியது. முதலில் கேட்க வேண்டியது ஓம். வாட் பொருந்தாவிட்டால் போவது ஸ்பீக்கர். வால்யூமை அடக்கி வைத்தால் அதுகூடப் போகாது. ஓம் பொருந்தாவிட்டால் அடி ஹெட்டுக்கு விழும். அது டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய்களில் ஓடும் வால்வு ஹெட் என்றால், அதில் விலை அதிகமான பாகங்களில் ஒன்றான அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரே போய்விடக்கூடும். வால்யூமைக் குறைத்து வாசித்தால் ஆபத்து குறையும், ஆனால் அதை நம்பி மேடை ஏற முடியாது.

ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருக்கும் காம்போவில் இந்தத் தலைவலி கிடையாது. கம்பெனிக்காரனே பொருத்தி அனுப்பிவிடுவான். தலையையும் உடலையும் பிரித்து வைக்கிற பழக்கம் பரவியதில் லண்டனுக்குப் பெரிய பங்கு உண்டு. 1962-ல் ஹான்வெல் பகுதியில் டிரம் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலும் அவரோடு இருந்தவர்களும் அமெரிக்க ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்பின் சர்க்யூட்டை ஒட்டி ஜேடிஎம்45 என்ற ஹெட்டைச் செய்தார்கள். மூலமான பாஸ்மேன் ஒரு காம்போ. பின்பக்கம் திறந்த பெட்டி, உள்ளே நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்கள். மார்ஷல் ஆம்பைத் தனியாக எடுத்து, நான்கு 12 அங்குல செலஸ்டியன் ஸ்பீக்கர்களை முழுக்க மூடிய பெட்டிக்குள் வைத்தார். அந்தக் காலத்து செலஸ்டியன்கள் ஒவ்வொன்றும் 15, 20 வாட்தான் தாங்கும் என்பதால் எண்ணிக்கையைக் கூட்டித்தான் சமாளிக்க வேண்டியிருந்தது.

அப்புறம் 1965-ல் 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்ட் 100 வாட் ஹெட் கேட்டார். கூடவே எட்டு ஸ்பீக்கர் கொண்ட ஒரே கேபினட்டும் கேட்டார். செய்து கொடுத்தார்கள். அதைத் தூக்கி இறக்க வேண்டிய ஆட்களுக்கு முதுகு ஒடிந்தது. கடைசியில் நான்கு நான்காகப் பிரித்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார்கள். ராக் மேடைகளில் சுவர் மாதிரி நிற்கிற 'ஸ்டாக்' அப்படித்தான் வந்தது. பிரித்த அன்றே ஓம் கணக்கும் வந்து சேர்ந்தது. ஒரு ஹெட்டில் இரண்டு பெட்டி மாட்டினால் அந்த ஹெட்டுக்கு எத்தனை ஓம் தெரியும்?

ஓம் என்பது பள்ளியில் படித்த மின்தடையின் அளவுதான். ஆனால் ஸ்பீக்கரில் அது ஒரே எண்ணாக நிற்பதில்லை. ஸ்பீக்கருக்குள் காந்தத்தின் இடுக்கில் ஒரு காயில் இருக்கிறது. ஏசி மின்சாரம் போகும்போது காயில் ஆடுகிறது, அதோடு ஒட்டிய காகிதக் கோனும் ஆடுகிறது. ஆடுகிற காயில் தானே ஒரு சின்ன ஜெனரேட்டராகவும் மாறி, வரும் மின்சாரத்தை எதிர்த்துத் தள்ளுகிறது. இந்த எதிர்ப்பெல்லாம் சேர்ந்ததுதான் இம்பீடன்ஸ், தமிழில் மின்மறுப்பு. சுருதிக்குச் சுருதி அது மாறும். 8 ஓம் என்று ஸ்டிக்கர் ஒட்டிய 12 அங்குல கிடார் ஸ்பீக்கர், 400 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் 8-க்கு அருகில் இருக்கும். 75 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை எங்கோ ஓரிடத்தில் கோன் தன் இயல்பான ஒத்ததிர்வுக்கு வரும்போது இது பல மடங்கு எகிறும். மேல் சுருதிகளிலும் காயிலின் தன்மையால் மெல்ல ஏறிக்கொண்டே போகும். ஆக ஸ்டிக்கரில் இருப்பது ஊர்ப்பெயர் மாதிரி, குத்துமதிப்பாக இந்த இடம் என்று சொல்லும் எண்.

அதனால்தான் மல்டிமீட்டரை வைத்துப் பார்ப்பவர்கள் குழம்பிப் போகிறார்கள். கேபினட்டில் ஒரு ஸ்பீக்கர் கேபிளைச் செருகி, மறுமுனை பிளக்கின் நுனியிலும் உடலிலும் மீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்துப் பாருங்கள். 6, 6.5 என்று ஏதோ காட்டும். "8 ஓம் என்று சொல்லி ஏமாற்றிவிட்டான்" என்று கோபப்பட வேண்டாம். மீட்டர் அளப்பது அசையாத காயிலின் டிசி மின்தடையை மட்டும்தான். 6 முதல் 7 வரை காட்டினால் அது 8 ஓம் கேப். 12-லிருந்து 14 வரை என்றால் 16 ஓம். 3, 3.5 என்றால் 4 ஓம். ஒன்றுமே காட்டவில்லை என்றால் உள்ளே கம்பி விட்டிருக்கிறது அல்லது காயில் கருகியிருக்கிறது. பழைய கேப் வாங்கப் போகும்போது பையில் மீட்டர் இருக்கட்டும். விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

நம் ஊரில் மைக்செட் வைப்பவர்களுக்கு இது புதிதில்லை. அகுஜா ஆம்ப்ளிஃபயரைத் திருப்பினால் பின்னால் 4, 8, 16 ஓம் என்றும் 100 வோல்ட் லைன் என்றும் திருகு முனைகள் இருக்கும். எந்த ஸ்பீக்கரை எதில் கட்டுவது என்று கோயில் திருவிழாவுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டும் பையனுக்கே தெரியும். கிடார்காரர்கள்தான் ஜாக் நுழைந்தால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள்.

வால்வு ஹெட்டில் ஓம் ஏன் இத்தனை முக்கியம் என்று பார்ப்போம். வால்வு அதிக வோல்டேஜில், குறைந்த மின்னோட்டத்தில் வேலை செய்யும் சாமான். 100 வாட் மார்ஷலின் நான்கு இஎல்34 வால்வுகளுக்குப் பின்னால் ஏறத்தாழ 450, 500 வோல்ட் டிசி நிற்கிறது. அந்த நான்கும் சேர்ந்து தங்களுக்கு எதிரே சுமார் 1,700 ஓம் சுமை இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன. ஸ்பீக்கரோ 16 ஓம்தான். நேராகக் கட்டினால் உருப்படியாகச் சத்தம் வராது. நடுவில் ஒரு தரகர் வேண்டும். அந்தத் தரகர்தான் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்.

டிரான்ஸ்ஃபார்மரின் கணக்கு எளிமையானது. இரண்டு பக்கச் சுற்றுகளின் விகிதத்தை வர்க்கம் செய்தால் ஓம் விகிதம் கிடைக்கும். 1,700-ஐ 16-ஆல் வகுத்தால் 106. அதன் வர்க்கமூலம் 10.3. அதாவது வால்வு பக்கம் பத்துச் சுற்றுக்கு ஸ்பீக்கர் பக்கம் ஒரு சுற்று. 8 ஓமுக்கு என்றால் இதே கணக்கு 14.6 என்று வரும். ஹெட்டின் பின்னால் இருக்கும் 4, 8, 16 செலக்டர் செய்வது இவ்வளவுதான். ஸ்பீக்கர் பக்கச் சுருளில் எந்த இடத்திலிருந்து கம்பியை வெளியே எடுப்பது என்று தேர்ந்தெடுக்கிறது. அந்தத் திருகு ஹெட்டின் ஓமை மாற்றுவதில்லை. வெளியே இத்தனை ஓம் மாட்டப் போகிறேன் என்று நாம் ஹெட்டுக்குச் சொல்லும் தகவல் அது. நாம் பொய் சொன்னால் அதற்குத் தெரியாது.

பொய் சொன்னால் என்ன ஆகும்? செலக்டரை 16-ல் வைத்து 8 ஓம் கேபை மாட்டினால் வால்வுகளுக்கு 1,700-க்குப் பதில் 850 ஓம்தான் தெரியும். மின்னோட்டம் கூடும், வால்வு சீக்கிரம் தேயும், சத்தமும் கொஞ்சம் அடங்கும். எதிர்ப்பக்கம் போய், 8-ல் வைத்து 16 ஓம் கேபை மாட்டினால் 3,400 ஓம் தெரியும். இப்போது மின்னோட்டம் குறைந்து வோல்டேஜ் துள்ளும். ஒரு படி தவறு, அதாவது பாதியோ இரட்டிப்போ, நல்ல டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஹெட்டை அன்றைக்கே கொல்லாது. எந்தப் பக்கத் தவறு குறைந்த ஆபத்து என்பதில் ஆம்ப் ரிப்பேர்காரர்களுக்குள் முடிவில்லாத சண்டை இருக்கிறது. குறைந்த ஓம் வால்வைத் தேய்க்கும், கூடிய ஓம் டிரான்ஸ்ஃபார்மரின் இன்சுலேஷனைச் சோதிக்கும். வால்வை மாற்றுவது சுலபம், டிரான்ஸ்ஃபார்மரை மாற்றுவது செலவு. வேறு வழியே இல்லாத இரவில் நான் கேபின் ஓம் குறைவாக இருக்கும் பக்கம்தான் சாய்வேன். அந்த மாடலின் கையேடு வேறு மாதிரி சொன்னால் கையேட்டைக் கேளுங்கள். இரண்டு படி தவறு, அதாவது 16-ல் வைத்து 4, அல்லது 4-ல் வைத்து 16, வேண்டவே வேண்டாம்.

எல்லாவற்றிலும் மோசமானது ஒன்றுமே மாட்டாமல் வாசிப்பது. கேபிள் கழன்றதும் அதே கதைதான். வால்வுகள் டிரான்ஸ்ஃபார்மருக்குள் சக்தியைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அது போக வழியில்லை. சுருளில் சேர்ந்த காந்தச் சக்தி திரும்பி வோல்டேஜாக அறைகிறது. 500 வோல்ட் இருந்த இடத்தில் ஆயிரக்கணக்கில் எகிறலாம். வால்வு சாக்கெட்டின் இரண்டு முனைகளுக்கு நடுவே பொறி தாவும், அல்லது டிரான்ஸ்ஃபார்மருக்குள் வார்னிஷ் பூச்சைத் துளைத்துக்கொண்டு போகும். இதற்காகவே ஃபெண்டர் தன் பழைய ஆம்புகளில் ஒரு தந்திரம் வைத்தது. ஸ்பீக்கர் பிளக்கைப் பிடுங்கினால் ஜாக்கே இரண்டு முனைகளையும் ஷார்ட் செய்துவிடும். ஷார்ட் என்றால் நமக்குப் பயம். வால்வு ஆம்புக்கோ, கொஞ்ச நேரத்துக்கு, வழியில்லாமல் நிற்பதைவிட ஷார்ட் பரவாயில்லை.

டிரான்சிஸ்டர் ஹெட்டில் கதை அப்படியே தலைகீழ். பெரும்பாலும் அங்கே அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. அது வோல்டேஜைத் தருகிறது. எவ்வளவு மின்னோட்டம் இழுப்பது என்பதை ஸ்பீக்கர் முடிவு செய்கிறது. 8 ஓமில் 100 வாட் தரும் ஹெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே வருவது சுமார் 28 வோல்ட், மின்னோட்டம் மூன்றரை ஆம்பியர். அதையே 4 ஓமில் மாட்டினால் 7 ஆம்பியர், 2 ஓமில் 14. எங்கோ ஓரிடத்தில் டிரான்சிஸ்டர்கள் சூடேறிச் சாகும். ஆகவே பின்னால் "குறைந்தபட்சம் 4 ஓம்" என்று போட்டிருந்தால் அது கட்டளை. கூடுதல் ஓம் என்றால் ஆபத்தே இல்லை. 16 ஓம் கேபை மாட்டினால் 100 வாட் 50 வாட்டாகக் குறையும், அவ்வளவுதான். கேப் இல்லாமலே ஓடினாலும் பெரும்பாலானவற்றுக்கு ஒன்றும் ஆகாது. வால்வுக்காரர் ஒருவரும் டிரான்சிஸ்டர்காரர் ஒருவரும் ஓம் பற்றிப் பேசினால் இருவரும் சரியாகச் சொல்லியே சண்டை போட்டுக்கொள்வார்கள்.

சரி, இரண்டு கேபினட் மாட்டினால்? ஹெட்டின் பின்னால் இரண்டு ஸ்பீக்கர் ஜாக் இருந்தால் அவை அநேகமாக எப்போதும் பக்க இணைப்பில், கடைமொழியில் பேரலலில், இருக்கும். இரண்டு 16 ஓம் கேப் சேர்ந்தால் 8. இரண்டு 8 சேர்ந்தால் 4. மார்ஷல் கேப்கள் 16 ஓமாக இருந்ததன் வசதி இதுதான்; இரண்டை அடுக்கினாலும் 8-ல் நிற்கும்.

வம்பு வருவது சமமில்லாத கேப்களைச் சேர்க்கும்போது. 16 ஓமில் நான்கு ஸ்பீக்கர் கேப் ஒன்று, 8 ஓமில் இரண்டு ஸ்பீக்கர் கேப் ஒன்று, ஹெட் 50 வாட் என்று வையுங்கள். மொத்தம் 5.33 ஓம், வால்வு ஹெட்டில் அதற்குப் பக்கத்தில் கீழே உள்ள 4-ல் வைப்பது வழக்கம். இப்போது சக்தி எப்படிப் பிரிகிறது? குறைந்த ஓம் உள்ள சின்னப் பெட்டி மூன்றில் இரண்டு பங்கை வாங்கிக்கொள்ளும், கிட்டத்தட்ட 33 வாட். பெரிய பெட்டிக்கு மிச்சம் 17. ஸ்பீக்கர் கணக்கில் பார்த்தால் சின்னதில் ஒவ்வொன்றுக்கும் 16 வாட்டுக்கு மேல், பெரியதில் 4 வாட். பெரிய பெட்டி தோற்றத்துக்கு நிற்கும், வேலை முழுக்கச் சின்னது செய்யும். மேடையில் "அந்தப் பெரிய கேப் செத்துவிட்டதா?" என்று ஒருவர் குனிந்து பார்க்கிற காட்சிக்குப் பின்னால் பல நேரம் இருப்பது இந்தக் கணக்குதான்.

பெட்டிக்குள்ளேயும் இதே விளையாட்டு உண்டு. மார்ஷலின் 1960ஏ கேபினட்டைப் பாருங்கள். 1960 என்பது மாடல் எண்தான், வருடம் இல்லை; "1960-ல் செய்த கேப்" என்று விலை ஏற்றிச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். உள்ளே 16 ஓம் ஸ்பீக்கர்கள் நான்கு. நான்கையும் பக்க இணைப்பில் கட்டினால் 4 ஓம். இரண்டிரண்டாகத் தொடரில் கட்டி, அந்த இரண்டு ஜோடியைப் பக்க இணைப்பில் சேர்த்தால் மறுபடி 16. இடது வலது என்று இரண்டிரண்டாகப் பிரித்துவிட்டால் ஒவ்வொரு பக்கமும் 8. இந்த மூன்றும் பின்பக்கத் தகட்டில் ஒரு மோனோ-ஸ்டீரியோ சுவிட்சாகவும் இரண்டு ஜாக்குகளாகவும் இருக்கின்றன. சுவிட்ச் ஸ்டீரியோவில் இருக்க, ஒரே ஒரு கேபிளை ஒரு ஜாக்கில் மாட்டி வாசிப்பது சர்வசாதாரணமாக நடக்கிறது. நாம் 16 என்று நினைத்து ஹெட்டை வைத்திருப்போம். ஹெட் பார்ப்பது 8 ஓம், அதுவும் நான்கில் இரண்டு ஸ்பீக்கர் மட்டும். சத்தம் ஒரு பக்கமாக ஒல்லியாக வரும். கோனுக்கு நேரே காதை வைத்துப் பார்த்தால் உடனே தெரியும்.

இப்போது வாட்டுக்கு வரலாம். நான்கு 25 வாட் ஸ்பீக்கர் சேர்ந்தால் 100 வாட் கேப், இதில் குழப்பமில்லை. அந்தக் காலத்து 100 வாட் மார்ஷலும் நான்கு செலஸ்டியன் கிரீன்பேக் ஸ்பீக்கரும் இப்படித்தான் ஜோடி சேர்ந்தன. வாக்ஸ் ஏசி30-க்குள் 15 வாட் செலஸ்டியன் நீலக் காந்த ஸ்பீக்கர்கள் இரண்டு. இரண்டுமே ஓரக்கணக்கு, கையிருப்பு இல்லாத பட்ஜெட். ஏனென்றால் வால்வு ஹெட்டின் வாட் என்பது ஒலி சுத்தமாக இருக்கும் வரை அளந்த எண். கிடார்காரர்கள் சுத்தமாக வாசிப்பதற்கா வால்யூமைத் திருப்புகிறார்கள்? முழுக்கத் திருப்பினால் அலை சதுரமாகி, 100 வாட் ஹெட் 150 வாட்டையும் தாண்டும். அதனால் ஹெட்டைவிட ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை தாங்கும் கேப் இருந்தால் நிம்மதி. 50 வாட் ஹெட்டுக்கு 60 வாட் ஸ்பீக்கர் இரண்டு, அதாவது 120 வாட் கேப், கவலையே வேண்டாம். 100 வாட் ஹெட்டுக்கு இரண்டு கிரீன்பேக் மட்டும் உள்ள கேப் என்றால் வீட்டில் வாசிக்கலாம், மேடையில் வேண்டாம். வார்னிஷ் கருகிய வாசனை ஒருமுறை மூக்கில் ஏறினால் மறக்காது.

பெயரில் உள்ள எண்ணையும் நம்ப வேண்டாம். 1986-ல் வந்த செலஸ்டியன் விண்டேஜ் 30 தாங்குவது 60 வாட். ஜி12டி-75 நிஜமாகவே 75 வாட். ஜி12எம் கிரீன்பேக் 25.

குறைந்த வாட் ஹெட்டைப் பெரிய கேபில் மாட்டினால் ஸ்பீக்கர் கெட்டுவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. பாட்டுக் கேட்கும் ஸ்டீரியோவில் ட்வீட்டர், அதாவது மேல் சுருதிக்கான சின்ன ஸ்பீக்கர், எரிவதிலிருந்து வந்த பேச்சு அது. கிடார் கேபில் ட்வீட்டர் கிடையாது, ஆம்பை மீறி முடுக்கி வரும் கரகரப்பான ஓவர்டிரைவ்தான் இதன் அன்றாடச் சாப்பாடு. 5 வாட் ஹெட்டை 300 வாட் கேபில் தாராளமாக மாட்டலாம்.

இதைவிட வாங்குபவர்கள் கவனிக்காமல் விடுகிற எண் ஒன்று உண்டு: சென்சிட்டிவிட்டி, ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி எத்தனை டெசிபல் என்பது. ஜி12டி-75 சுமார் 97, கிரீன்பேக் 98, விண்டேஜ் 30 சுமார் 100. மூன்று டெசிபல்தானே என்று தோன்றும். மூன்று டெசிபல் என்றால் வாட்டை இரட்டிப்பாக்குவதற்குச் சமம். 100 டெசிபல் ஸ்பீக்கரில் 50 வாட் ஹெட் போடும் சத்தத்துக்கு, 97 டெசிபல் ஸ்பீக்கரில் 100 வாட் வேண்டும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தம் என்று தோன்றவோ பத்து டெசிபல் கூட வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். 50 வாட்டை விற்று 100 வாட் வாங்கியவருக்குக் கிடைப்பது நினைத்ததைவிட ரொம்பக் குறைவு. அவர் ஸ்பீக்கரை மட்டும் மாற்றியிருந்தால் முதுகும் பர்ஸும் தப்பித்திருக்கும்.

ஓமும் வாட்டும் சரி என்றால் ஹெட் உயிரோடு இருக்கும், அவ்வளவுதான் உறுதி. நல்ல ஒலி வருமா என்பது வேறு விஷயம், அதில் கேபினட்டின் கை ஓங்கியிருக்கிறது. கிடார் ஸ்பீக்கர் உள்ளதை உள்ளபடி சொல்லும் ஸ்பீக்கர் இல்லை. 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அதன் ஒலி செங்குத்தாக விழுந்துவிடும். ஓவர்டிரைவ் ஆன ஆம்பின் ஒலியை நேராக பிஏ சிஸ்டத்தில், அதாவது மேடை மைக்செட்டில், கொடுத்துப் பாருங்கள், தேனீக்கூட்டை டப்பாவில் அடைத்த மாதிரி இரையும். அந்த இரைச்சலை வடிகட்டி நமக்குப் பழகிய கிடார் ஒலியாக்குவது அந்த 12 அங்குலக் காகிதக் கோன்தான். ஆம்புகளின் ஒலியைப் போலச் செய்யும் டிஜிட்டல் மாடலர் வைத்திருப்பவர்கள் அதை நிஜ கேபில் மாட்டும்போது உள்ளே கேபின் ஒலியைப் போலச் செய்யும் கேப் சிமுலேஷனை அணைக்க மறந்துவிடுவார்கள். வடிகட்டிய டிகாக்ஷனை இன்னொரு முறை வடிகட்டியில் ஊற்றிய கதை. ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவது போல மந்தமாகும்.

பெட்டியின் முதுகு மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்பது அடுத்தது. திறந்த பெட்டியில் கோனின் பின்பக்க ஒலி சுற்றி வந்து முன்பக்க ஒலியோடு மோதி, அடிச்சுருதிகளைக் கொஞ்சம் அழித்துவிடும். மிச்சமிருப்பது காற்றோட்டமான, அறை முழுக்கப் பரவும் ஒலி. ஃபெண்டர் சுத்த ஒலியின் அழகில் பாதி இதுதான். மூடிய பெட்டி அடிச்சுருதியைப் பிடித்து முன்னால் தள்ளும். தந்தியை உள்ளங்கையால் அமுக்கி அடிக்கும்போது நெஞ்சில் இடிக்கிற அந்தத் 'தம்' அதிலிருந்து வருவது. பதிலுக்கு அது டார்ச் லைட் மாதிரி, நேரே நிற்பவனுக்குக் காது கிழியும், ஓரத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் கேட்காது. வாசிப்பவரின் காது பெரும்பாலும் கேபைவிட நான்கடி உயரத்தில் இருக்கிறது என்பதால் அவர் ட்ரெபிளை ஏற்றிக்கொண்டே போவார், முன்வரிசைக்காரர் பாவம்.

இந்த இடத்தில் ஓம் மறுபடி வருகிறது. மேலே சொன்ன மாதிரி ஸ்பீக்கரின் ஓம் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே எங்கோ எகிறுகிறது, மேல் சுருதிகளிலும் ஏறுகிறது. டிரான்சிஸ்டர் ஹெட் வோல்டேஜைப் பிடித்துவைத்திருப்பதால் அந்த மேடு பள்ளம் அதை அசைக்காது. கோனை அது இறுக்கிப் பிடிக்கும். வால்வு ஹெட்டின் பிடி தளர்வு. ஓம் ஏறும் இடங்களில் வோல்டேஜும் கூடவே ஏறும், ஆகவே அடியும் உச்சியும் தானாகவே தூக்கலாகும். ஒரே கேபில் இரண்டு ஹெட்டையும் மாட்டிப் பார்க்கும்போது "வால்வில் உயிர் இருக்கிறது" என்று சொல்கிறோமே, அதில் ஒரு பங்கு இந்தத் தளர்ந்த பிடி. வால்வு ஹெட்டுக்குக் கேபினட் வெளியே மாட்டிய சாமான் இல்லை. டிரான்ஸ்ஃபார்மர் வழியாக வால்வு வரைக்கும் அது சர்க்யூட்டின் ஒரு பகுதி. கேபை மாற்றினால் ஹெட்டின் டோன் குமிழ்களை முதலிலிருந்து திருப்ப வேண்டியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஜோடி என்று எனக்குப் பிடித்ததைக் கேட்டால், கரகரப்பான பிரிட்டிஷ் ஒலி ஹெட்டுக்கு விண்டேஜ் 30 சில நேரம் அளவுக்கு மீறிப் போகும். நடுச்சுருதியின் மேல்பகுதியில் அதற்கு ஒரு கூர்மை உண்டு. ஹெட்டே அங்கே கூர்மையாக இருந்தால் இரண்டும் சேர்ந்து கத்தும். அங்கே கிரீன்பேக் இதமாக இருக்கும். இருண்ட, அடி கனத்த ஹெட்டுக்கு அதே விண்டேஜ் 30 கண்ணாடி துடைத்த மாதிரி வேலை செய்யும். நான்கு ஸ்பீக்கரும் ஒரே வகையாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. ஓம் ஒன்றாக இருந்தால், குறுக்கு மறுக்காக இரண்டு வகை போட்டவர்கள் பலர் அதை மாற்றுவதில்லை. அப்படிக் கலந்தால் கேபின் மொத்த வாட் மட்டும் பலவீனமான ஸ்பீக்கரை வைத்துத்தான் கணக்கு. ஒரு 25 வாட்டும் ஒரு 60 வாட்டும் சேர்ந்தால் 85 இல்லை, 50.

கேபிள் பற்றியும் சொல்லியாக வேண்டும். கல்லூரிக் கலைவிழா ஒன்றில் வாடகைக்கு வந்த செட்டில் ஸ்பீக்கர் கேபிள் இல்லை. ஜாக் ஒன்றுதானே என்று கிடார் கேபிளை எடுத்து ஹெட்டுக்கும் கேபுக்கும் நடுவே மாட்டினோம். மூன்றாவது பாட்டில் சத்தம் விட்டு விட்டு வந்தது. பிளக்கைத் தொட்டால் சூடு, ரப்பர் இளகி விரலில் ஒட்டியது. கிடார் கேபிளுக்குள் இருப்பது தலைமுடி போன்ற கம்பிகள் சில, சுற்றி ஒரு வலை. மில்லிவோல்ட் சமாச்சாரத்துக்குச் செய்தது. ஸ்பீக்கர் கேபிளில் தடித்த கம்பிகள் இரண்டு பக்கத்தில் பக்கமாக ஓடும். அன்றைக்கு ஹெட் டிரான்சிஸ்டர் என்பதால் தப்பித்தோம். வால்வாக இருந்து கேபிள் நடுவில் விட்டிருந்தால் மேலே சொன்ன ஆயிரக்கணக்கு வோல்ட்தான். வெளியில் பார்க்க இரண்டும் ஒன்று போலவே இருக்கும் என்பதால், அதற்குப் பிறகு என் ஸ்பீக்கர் கேபிள்களின் இரண்டு முனையிலும் சிவப்பு டேப் சுற்றியிருக்கிறது.

மாட்டும் வரிசையும் அதே காரணத்துக்காகத்தான். கேபிள் இரண்டு முனையும் உட்கார்ந்த பிறகு பவர், அணைத்த பிறகு கழற்றுவது.

பழைய கேப் வாங்கும்போது மீட்டரோடு ஒரு 9 வோல்ட் பேட்டரியும் எடுத்துப் போங்கள். கேப் ஹெட்டில் மாட்டியிருக்கக் கூடாது. பின் பலகையைக் கழற்றச் சொல்லுங்கள். திருகுகள் நிறைய இருக்கும், பொறுமை வேண்டும். உள்ளே காந்தத்தின் முதுகில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஸ்டிக்கர் இருக்கும். நான்கும் ஒரே ஓம்தானா என்று முதலில் படியுங்கள், யாரோ ஒருவர் நடுவில் ஒன்றை மட்டும் மாற்றியிருப்பது சகஜம். அப்புறம் கேபிளைச் செருகி, மறுமுனை பிளக்கின் நுனியில் பேட்டரியின் பிளஸையும் உடலில் மைனஸையும் ஒரு நொடி தொட்டு எடுங்கள். 'டப்' என்று ஒரு சத்தம் வரும், கோன்கள் அசையும். நான்கும் ஒரே திசையில் முன்னால் துள்ள வேண்டும். ஒன்று மட்டும் உள்ளே போனால் அது மற்ற மூன்றின் அடிச்சுருதியைத் தின்றுகொண்டிருக்கிறது. அதன் இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றிப் போட்டால் சரியாகிவிடும். ஒன்று மட்டும் பழைய ஜேபிஎல் ஸ்பீக்கராக இருந்தால் விற்பவரைத் திட்ட வேண்டாம். அந்தக் காலத்து ஜேபிஎல்களில் பிளஸ் முனையில் பிளஸ் கொடுத்தால் கோன் உள்ளேதான் போகும்.